முன் சீட்டில் மச்சான்

செப்டம்பர் 19, 2012

நேற்று நீதிமன்றம் குடியேற்றச் சட்டத்துக்கு இருந்த தடையை நீக்கிவிட்டது. இனி அரிசோனாவில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்தால் குடியேற்றக் காகிதம் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டுமாம். நிறத்தை வைத்துச் சந்தேகப்படக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். பின்னே எதை வைத்து? செருப்பை வைத்தா?

எங்கள் வீட்டில் காகிதம் இல்லாதவன் ஒருவன்தான். அக்கா ஒதிலியாவின் கணவன் ஆபிராம். சிவாவா மாநிலத்து மென்னோனைட் என்கிற கிறிஸ்தவக் கூட்டத்தின் கிராமத்தில் பிறந்த மெக்சிகோக்காரன். அந்தக் கூட்டமே மஞ்சள் முடி, நீலக் கண். வீட்டுக்குள் பேசுவது ஏதோ ஒரு பழைய ஜெர்மன். நான் இதே ஊரில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். நிறம், வறுத்த காப்பிக்கொட்டை.

அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஆபிராம் மாட்டினால் பிள்ளையின் அழுகையை எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து போனில்தான் கேட்பான்.

செப்டம்பர் 21

அம்மா திட்டம் போட்டுவிட்டாள். “மாப்ளைய முன் சீட்டுல உக்கார வைடா. பாக்கிறவன் அவர முதலாளின்னு நெனச்சுக்குவான். நீ வாய மூடிக்கிட்டு ஓட்டு.”

வேலைக்குப் போகும் வண்டி. பின்னால் ஏணி, பழுது பார்க்க வேண்டிய இரண்டு கூலர். முன்னால் கறுப்புக் கண்ணாடியுடன் ஆபிராம்.

“மச்சான், கொஞ்சம் முதலாளி மாதிரி மூஞ்சிய வையி.”

“எப்பிடி?”

“என்னப் பாத்தா அருவருப்பு வர்ற மாதிரி.”

“அது தானாவே வருது எலியாசர்.”

செப்டம்பர் 28

இந்த வாரம் மூன்று தடவை போலீஸ் வண்டி பக்கத்தில் வந்தது. மூன்று தடவையும் ஆபிராம் கை அசைத்தான். அவர்களும் அசைத்தார்கள். தனியாக ஓட்டிய மாதங்களில் என்னைப் பார்த்து ஒருத்தன் கை அசைத்ததில்லை. விளக்கைச் சுழற்றுவதோடு சரி.

அக்டோபர் 4

பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். என் லைசன்ஸ் வேறு கால்சட்டையில். சொன்னேன். பிறந்த ஊரைச் சொன்னேன். ஆஸ்பத்திரித் தெருவைச் சொன்னேன். போலீஸ்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. சுற்றிக்கொண்டு ஆபிராம் பக்கம் போனார்.

“சார், இந்த ஆள உங்களுக்குத் தெரியுமா?”

ஆறு வருஷமாக இங்கே இருக்கிறான். ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் பயத்தில் வாயிலிருந்து வந்தது தன் அம்மாவிடம் பேசும் ஜெர்மன். “எக் வெயட் நிக்.”

அவ்வளவுதான். போலீஸ்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “ஜெர்மனியா! எங்க தாத்தா ஊரு சார்! சுத்திப் பாக்க வந்தீங்களா?” வெயிலாக இருக்கிறதென்று ஒரு தண்ணீர் பாட்டில். பஸ் நிறுத்தம் எங்கே என்று வழி. எனக்குக் கைவிலங்கு.

காகிதம் இல்லாதவன் விருந்தாளி. இந்த மண்ணில் பிறந்தவன் சந்தேகம். சிரிப்பதா, காறித் துப்புவதா?

அக்டோபர் 5

நேற்றின் மீதி. எழுதாமல் விட்டால் ஆறாது.

ஸ்டேஷனில் ஒரு போன் கொடுத்தார்கள். அம்மா ஓட்டல் சலவைக்கூடத்தில். அங்கே போன் எடுக்க விடமாட்டார்கள். அக்காவைப் படுக்கையை விட்டு எழக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறதென்று மட்டும் அவளிடம் சொன்னேன். அம்மா வரும்வரை உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

இரண்டு மணி நேரத்தில் கதவு திறந்தது. ஆபிராம். இரண்டு பஸ் மாறி, போலீஸ் ஸ்டேஷனுக்குள், தன் காலாலேயே. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“இவன் என் மச்சான். இந்தாங்க இவன் சர்டிபிகேட்,” என்றான் தெளிவான ஆங்கிலத்தில்.

அவனுக்கு நாற்காலி போட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். காகிதம் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். “அந்த ஆளுகிட்ட ஜெர்மன்ல என்ன சொன்ன?”

“தெரியாதுன்னேன்.”

“என்னயா?”

“ம்.”

“அடப்பாவி!”

“அதான் வந்துட்டேன்ல.”

அக்கா ராத்திரி முழுக்கத் திட்டினாள். அவனை இல்லை, என்னை. கால்சட்டை மாற்றியதற்கு.

அக்டோபர் 9

பின்விளக்கு மாற்றியாச்சு.

அக்டோபர் 25

ஆண் பிள்ளை. முந்தாநாள் காலையில் பிறந்தான். ஆபிராம் பக்கத்திலேயே இருந்தான்.

அச்சு அசல் என் நிறம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மதியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபிராம் நடைவழியில் உலாத்தினான். புது நர்ஸ் ஓடி வந்து மறித்தாள்.

“சார், நில்லுங்க. யார் குழந்தை இது? ஆதாரம் காட்டுங்க.”

ஆபிராம் கையை நீட்டினான். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. பிள்ளையின் காலில் இருந்த அதே எண், தகப்பன் என்று அவன் பெயர். நர்ஸ் ஒத்துப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

இந்த நாடு அவன் பெயருக்குக் கொடுத்த முதல் காகிதம் அது. இன்று வீட்டுக்கு வந்ததும் பட்டையை வெட்ட அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். ஆபிராம் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.