சாய்ந்து கிடந்த பைக்

ஐப்பசி 9, செவ்வாய்.

நேற்று மாலை மாப்பிள்ளையின் பைக்கை வாழைத்தோப்புப் பாதையில் திருப்பும்போது கீழே போட்டுவிட்டேன். தனியாகத் தூக்க முடியவில்லை. தோப்புக்காரர் வந்து தூக்கிவிடும்வரை கால் மணி நேரம் சாய்ந்தே கிடந்தது. வீட்டுக்கு வந்து சேற்றைத் துடைத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை மாப்பிள்ளை கிளப்பியபோது வண்டி திணறியது, வெள்ளையாகப் புகைந்தது. பெட்ரோல் பார்த்தேன், பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். விழுந்ததை மட்டும் சொல்லவில்லை. போன வாரம் சர்வீஸ் செய்த மெக்கானிக் செல்வத்திடம் மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"என்னலே வேலை பாத்திருக்க? வண்டி கெழவன் மாதிரி இருமுது!" என்று மாப்பிள்ளை அவனிடம் கத்தினார்.

செல்வம் ஏர் ஃபில்டரைக் கழற்றினான். எண்ணெயில் ஊறியிருந்தது. "வண்டி எங்கயும் சாஞ்சு கெடந்துச்சா அண்ணாச்சி? அப்பதான் ஆயில் இங்கன ஏறும்."

"நான் எங்கயும் கீழ போடலலே," என்றார் மாப்பிள்ளை.

செல்வம் என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டு, "அப்போ நாந்தான் ஆயில கூடுதலா ஊத்திட்டேன் போல," என்றான்.

திரும்பும்போது மாப்பிள்ளை, "இனிமே இவன்கிட்ட வண்டிய விடக் கூடாது மாமா," என்றார். நான் "ஆமா" என்றேன்.

நாளை அவர் வேலைக்குக் கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று ஒரு தாளில் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் பைக் தானாகத்தான் விழுகிறது.