ஐந்து இடங்களில் உட்காருகிறவள்

மார்ச் 3, செவ்வாய்
இன்றைக்கும் லேட். அச்சகம் நடந்து போகிற தூரம்தான். வழியில் மகாராணியை நர்சரியில் விட வேண்டும், அவ்வளவே. அதற்குள் ஐந்து இடத்தில் குந்தி உட்கார்ந்துகொள்கிறாள். தபால் பெட்டி, மருந்துக்கடைப் படி, விளக்குக் கம்பம்... "நாலு வயசிலேயே மூட்டு வலியாடி உனக்கு? எழுந்திரு!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "இரும்மா, வரேன்" என்கிறாள், பெரிய மனுஷி மாதிரி.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மானம் போகிறது.

மார்ச் 9
உதடெல்லாம் நீலம். பேனாவைக் கடிச்சியா என்று அதட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

மார்ச் 12
நர்சரியில் மயங்கி விழுந்துவிட்டாள். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா தாளில் வரைந்து காட்டினார். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகல். பெரிய ரத்தக்குழாய் ஓட்டைக்கு நேர் மேலே. வலப்பக்கத் தசை தடித்திருக்கிறது. பிறவியிலேயே, நாலும் சேர்ந்தேதான் வருமாம்.

"நடக்கும்போது குந்தி உட்காருவாளா?"

சோம்பேறி, அழுத்தக்காரி என்றேன்.

"இல்லம்மா. அப்படி உட்கார்ந்தா நுரையீரலுக்கு ரத்தம் கொஞ்சம் கூடப் போகும். யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடிச்சிருக்கா."

அய்யோ. நான் இழுத்தேனே. ஒவ்வொரு தடவையும் புடிச்சு இழுத்தேனே, பாவி.

மார்ச் 13
"உனக்கு எப்படித் தெரியும், விடு" என்கிறார் வீட்டுக்காரர். பெத்தவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியணுமாம்?

ஏப்ரல் 6
நாளை ஆபரேஷன். ஓட்டையை ஒட்டுப் போட்டு அடைத்து, குறுகிய வழியை அகலமாக்குவார்களாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தோம். பாதியில் குந்தினாள். நானும் பக்கத்தில் குந்தினேன். "உனக்கும் மூட்டு வலியாம்மா?" ஒரே சிரிப்பு. ஆமாடி தங்கம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காரு.

ஏப்ரல் 7
கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உதடு சிவப்பா இருக்கு! பிறந்ததிலிருந்து இவ்வளவு சிவப்பு இன்றைக்குத்தான்.

ஏப்ரல் 9
தைத்ததெல்லாம் நன்றாக இருக்கிறதாம். இதயத்தின் வலப்பக்கம்தான் களைத்துவிட்டது என்கிறார்கள். மிஷின்தான் மூச்சு விடுகிறது. எழுந்திருடி. எழுந்திரு.

மே 4, திங்கள்
அவள் போய் இருபத்து மூன்று நாள்.

இன்று வேலைக்குக் கிளம்பினேன். நர்சரி வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கேயும் நிற்காமல் நடந்தால் பன்னிரண்டு நிமிஷம்தான். அச்சகத்துக் கதவே திறக்கவில்லை.

வாசலில் குந்தி உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வந்து பூட்டைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "உட்காரும்மா. மெதுவா வா" என்றார்.