பேசக் கூடாத மழைக்காலம்

ஏப்ரல் 19

மதியத்திலிருந்து மழை. தகரக் கூரையில் அது போடும் இரைச்சலில் நான் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் கத்தக் கூடாது. குரல்வளையிலிருந்து கட்டியை எடுத்த கம்பாலா டாக்டர், மறுபடி அவர் பார்க்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஃபோர்ட் போர்ட்டல் வானொலியில் காலை நேரம் முழுக்கப் பேசியே பிழைத்தவளுக்கு இப்படி ஒரு பத்தியம்!

ஊரில் இருக்க முடியவில்லை. சந்தையில் வெங்காயக்காரிகூட, "என்ன அட்யேரி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறீங்க?" என்கிறாள். அப்போதுதான் ருசோக்கே அழைத்தார். என் அண்ணனோடு படித்தவர். மனைவி இறந்தபின் தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கிபாலே காட்டோரம் இந்த விடுதியை நடத்துகிறார். மழைக்காலத்தில் பாதி அறைகள் காலிதான்.

"வந்து இருங்க. காடு உங்ககிட்ட எதுவும் கேக்காது" என்றார்.

உண்மைதான். அதுவே பேசிக்கொண்டிருக்கிறது, நிறுத்தாமல்.

ஏப்ரல் 21

காலையில் வெந்நீரை ருசோக்கேயே அறை அறையாகக் கொண்டுவந்து வைக்கிறார். சூரிய ஒளியில் சூடாகும் வெந்நீர்த் தொட்டிக்கு இந்த மேகத்தில் என்ன வேலை? முதலாளி வாளி தூக்குவதைப் பார்த்து, இங்கே தங்கியிருக்கும் நெதர்லாந்துத் தம்பதிக்கு ஒரே சங்கடம்.

அந்தக் கணவர் சாப்பாட்டு மேசையில் கேட்டார்: "வருகைப் பதிவில் உங்கள் பெயர் கபசோமி என்றிருக்கிறதே, எல்லோரும் ஏன் அட்யேரி என்கிறார்கள்?"

நான் வாயை மூடிச் சிரித்தேன். சமையல்காரி கொபுசிங்கே பதில் சொன்னாள். "பேரு போலீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். செல்லப்பேரு மனுஷங்களுக்கு. நான் அகீக்கி, முதலாளி அப்வோலி. உங்களுக்கும் ஒண்ணு வைக்கட்டுமா?" அவருக்கு அராலி என்று வைத்துவிட்டாள். பிறகு மூன்று முறை வந்து சோறு கேட்டார், அப்படிக் கூப்பிடுவதைக் கேட்பதற்காகவே.

தோலுரித்த அவரையைக் கடைந்து, நெய் விட்டு, தினைக் களியோடு வைத்தாள். உப்பு கொஞ்சம் குறைவு. சொல்ல முடியவில்லை. உலகத்தில் எத்தனை பெண்கள் இப்படிச் சொல்லாமலே சாப்பிட்டிருப்பார்கள்!

ஏப்ரல் 24

சமையலறைக்குள் நுழைந்தேன். கொபுசிங்கே அவசரமாக வானொலியை அணைத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. போடு என்று சைகை செய்தேன்.

"வேணாம் அட்யேரி. அந்தக் குட்டி என்னமோ உளறுது."

நானே போட்டேன். என் நேரம். என் நிகழ்ச்சி. என் முன்னிசை. அதில் கட்டுசீமே என்று ஒரு பெண். போன வருஷம் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தவள்.

உளறவில்லை. நல்லாத்தான் பேசறா. அதுதான் வயித்தெரிச்சல். ஒரு கிழவர் போனில் மாடு காணோம்னு அழறார், அவ சும்மா இருந்து அழவிட்டா. நானா இருந்தா நடுவுல புகுந்து நாலு ஆறுதல் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைக்காவது சும்மா இருக்கத் தெரிஞ்சிருக்கா?

ஏப்ரல் 25

இன்றும் கேட்டேன். நேற்றைவிட நன்றாகச் செய்தாள். சனியன்.

ஏப்ரல் 27

நான் முதலில் பேசப்போகும் வார்த்தை என்னவாக இருக்கும் என்று சமையலறையில் பந்தயம் கட்டியிருக்கிறார்களாம். கொபுசிங்கே ஒரு கோழியைப் பணயம் வைத்திருக்கிறாள். "கண்டிப்பா என்னைத் திட்டித்தான் ஆரம்பிப்பீங்க" என்றாள் என் முகத்துக்கு நேராக. தோட்டக்காரர், "ஸ்தோத்திரம்" என்பேன் என்று சொன்னாராம். பாவம், என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 29

எழுதக் கை வரவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

என் குளியலறைக் குழாய் ஒழுகியது. ருசோக்கே குறடோடு வந்தார். முதுகு என் பக்கம், முகம் சுவர்ப் பக்கம். குழாயைத் திருகிக்கொண்டே பேசினார்:

"அட்யேரி, ஒண்ணு கேக்கணும். பத்து வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன். கேக்க வரும்போதெல்லாம் நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்க. இடைவெளியே கிடைக்கல. இப்பத்தான் கிடைச்சுது."

தண்ணீர் அவர் சட்டையில் பீய்ச்சி அடித்தது. அவர் கவனிக்கவில்லை.

"என்னைக் கட்டிக்கிறீங்களா? உடனே பதில் சொல்ல வேணாம். சொல்லவும் முடியாது. அதனாலதான் தைரியமாக் கேக்கறேன்."

குறடை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

என்ன திமிர்! வாய் கட்டிக் கிடக்கிறவகிட்ட வந்து — ஐம்பத்திரண்டு வயசுல — என் புருஷன் என்னை விட்டுட்டுப் போய் எத்தனை காலம் ஆச்சு, நான் யாரையாவது கேட்டேனா?

ஏப்ரல் 30

தலையையாவது ஆட்டியிருக்கலாம். எந்தப் பக்கம் ஆட்டியிருப்பேன்?

மே 3

வனக்காவலரோடு காட்டுக்குள் போனேன். நெதர்லாந்துக்காரர்களும் வந்தார்கள். சிம்பன்சிகள் வெகு உயரத்தில் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தன. பிறகு ஒரு கிழ ஆண் இறங்கிவந்து, எங்களுக்குப் பத்தடி தள்ளி மல்லாந்து படுத்தது. காலைத் தூக்கி மரத்தில் சாய்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் என் அண்ணன் படுப்பது போலவே.

யாரும் பேசவில்லை, பேசக் கூடாது. அங்கே நான் மற்ற எல்லோரையும் போல இருந்தேன். என்னிடம் எதுவும் குறைந்திருப்பதாகத் தோன்றவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து, காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன். பாவாடை முழுக்கச் சேறு. எறும்பு வேறு கடித்தது.

மே 6

போச்சு. எல்லாம் போச்சு.

காலை உணவு. முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டி என் தட்டில் வைத்துவிட்டு கொபுசிங்கே திரும்பினாள். கூரையிலிருந்து ஒரு சிவப்புவால் குரங்கு குதித்தது. சப்பாத்தியை எடுத்தது. ஓடவில்லை. என் எதிரிலேயே உட்கார்ந்து, என்னைப் பார்த்தபடி கடித்தது.

"டேய், திருட்டு நாயே!"

என் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் என் குரல் இல்லை. கரகரவென்று, அடி வயிற்றிலிருந்து, சாராயக்கடை வாசலில் நிற்கும் ஆள் போல. குரங்கு சப்பாத்தியைப் போட்டுவிட்டு ஓடியது. ருசோக்கே வரவேற்பறையிலிருந்து தடியோடு ஓடிவந்தார்.

"யாருய்யா அது, பொம்பளைங்க இருக்கிற இடத்துல?"

என்னையும் கொபுசிங்கேயையும் தவிர அங்கே யாருமில்லை. அவருக்குப் புரிய நேரமாயிற்று.

கொபுசிங்கே, "என்னைத் திட்டல, அப்ப என் கோழி போச்சா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதோம். நான் சத்தமில்லாமல்.

மே 9, கம்பாலா

ருசோக்கேதான் வண்டியில் அழைத்துவந்தார். வழி முழுக்க அவரும் பேசவில்லை, எனக்குத் துணையாக.

காயம் நன்றாக ஆறியிருக்கிறதாம், குரங்கால் ஒன்றும் கெடவில்லையாம். இனிமேல் பேசலாம். ஆனால் இனி இதுதான் குரல். பழையது வராது.

வானொலி நிலைய மேலாளருக்கு போன் செய்தேன். "யார் சார் பேசறது?" என்றார். யாரென்று சொன்னதும் ரொம்ப நேரம் அன்பாகப் பேசினார். காலை நேரம் கட்டுசீமேவுக்கே. எனக்கு மரண அறிவித்தல் வாசிக்கத் தருகிறாராம். இந்தக் குரலுக்குப் பொருத்தம்தான். போனை வைத்தபின் சிரிப்பு வந்தது. அழுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மே 10

விடுதிக்குத் திரும்பும் வழியில் தேயிலைத் தோட்டங்கள் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"அன்னைக்குக் கேட்டதை இப்பக் கேளுங்க அப்வோலி. இப்ப என்னால முடியாதுன்னு சொல்ல முடியும்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காது நுனி வியர்த்திருந்தது.

"தொண்டை இன்னும் கொஞ்சம் ஆறட்டுமே?"

"கேளுங்கங்கறேன்."

கேட்டார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்து. குரல் நடுங்கியது — அவருடையது.

நான் நிறைய சொன்னேன். என்னால் வாளி தூக்க முடியாது, வானொலியை விட முடியாது, என் அறையில் குழாய் ஒழுகுகிறது, உங்கள் சமையல்காரி உப்புக் குறைக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். எல்லாம் முடிந்தபின், "இது சம்மதமா அட்யேரி?" என்றார்.

"யோசிக்கறேன்" என்றேன். வண்டி ஓடத் தொடங்கியதும் அவர் சீட்டி அடிக்க ஆரம்பித்தார். யோசிப்பதாகச் சொன்னதற்கே இப்படியா!

ஆகஸ்ட் 23

விடுதி நிறைய ஆட்கள். போர்வை போதவில்லை, எங்களுடையதையும் கொடுத்துவிட்டோம். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊருக்குக் கிளம்பினேன். வானொலியில் யாரும் வேண்டாமென்று காலியாகக் கிடந்த ஞாயிறு மாலை நேரத்தை நான்தான் வலியக் கேட்டு வாங்கினேன். இப்போது யாராவது போனில் அழுதால் அழவிடுகிறேன்.

இன்று கடைசியாக ஒரு மோட்டார்சைக்கிள் ஓட்டுநர் அழைத்தார். "அம்மா, நீங்க யாருன்னு தெரியல, ஆனா குரல் நல்லா இருக்கு. முன்னாடி காலையில ஒருத்தி வருவா. கிளி மாதிரி கத்துவா. இப்ப எங்க போனாளோ!"

"நல்லா இருப்பாங்க தம்பி" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உதவிக்கு வந்திருந்த கட்டுசீமே சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டாள்.

வாசலில் ருசோக்கே வண்டியோடு நின்றிருந்தார். இருக்கையில் சந்தைக் காய்கறி, புதுப் போர்வைக் கட்டுகள், ஒரு புதுக் குழாய்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

விடுதியைத்தான் சொன்னார். நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.