சூப்பில் ஒரு தம்ளர் பால்

மார்ச் 3, திங்கள்
செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். ஞாயிறு இதழுக்குச் சகிப்பின்மை பற்றிக் கட்டுரை வேண்டுமாம். "பெருசு, உங்கள விட்டா யாரு இருக்கா?" அகராதியைப் புரட்டினேன். பால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்கும் ஆங்கிலத்தில் அதே 'இன்டாலரன்ஸ்'தான். மருமகள் நினைவு வந்தது.

மார்ச் 5
அவள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம். பால், தயிர், வெண்ணெய் எதுவும் ஆகாதாம். தங்கை போனில் சிரிக்கிறாள்: "எல்லாம் பிகு அண்ணே. நம்ம வீட்ல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" எனக்கும் சந்தேகம்தான். போன வாரம் பிஸ்கட் தின்றாளே, அதில் பால் இல்லையா? ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து நான் செய்தி எழுதியதே கிடையாது. சரிபார்த்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 6
கட்டுரை அனுப்பியாயிற்று.

மார்ச் 7
இன்று சமையல் என் முறை. காளான் சூப்பில் ஒரு தம்ளர் பால் ஊற்றினேன். "வெள்ளையா இருக்கே மாமா, பால் இல்லையே?" என்றாள். சோளமாவு என்றேன். இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மார்ச் 8
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். மகன் டாக்டரிடம் தூக்காத குறையாகக் கூட்டிப் போனான். இன்று அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. போக முடியவில்லை. அது எனக்கு மறந்துவிட்டது —
இல்லை, பொய். நினைவிருந்தது. ஒன்றும் ஆகாது என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு.

மார்ச் 9, ஞாயிறு
கட்டுரை வந்திருக்கிறது. அடுத்தவர் வலியை நம்ப மறுப்பதில்தான் சகிப்பின்மை தொடங்குகிறது என்று முடித்திருக்கிறேன். எந்தக் கையால் எழுதினேன்? படுத்தபடியே படித்துவிட்டு, "கடைசி வரி நல்லாருக்கு மாமா" என்றாள். காளான் அவள் வாங்கி வந்தது. பழசா என்று பார்க்காமல் வாங்கிவிட்டேனோ என்று தன்னையே நொந்துகொள்கிறாள். சொல்லித் தொலையேன்டா. வாய் வரமாட்டேங்குதே.

மார்ச் 10
சொல்லிவிட்டேன். மகன் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான். அவள் போர்வையை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, "ஊரையே கேள்வி கேக்குறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா" என்றாள்.
அந்தப் பிஸ்கட் பாக்கெட் அலமாரியிலேயே இருந்தது. பால் சேர்க்காதது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

மார்ச் 21
மறுபடி என் முறை. சூப் வைத்தேன். மருமகள் அடுப்படிக்கு வந்து நின்றாள். வேறு இடத்தில் விண்ணப்பம் போட்டிருப்பதைச் சொன்னாள். பேசிக்கொண்டே, நான் போடுவதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்தாள். இறக்கியதும் தானே கிண்ணம் எடுத்து ஊற்றிக்கொண்டாள்.
அரைக் கிண்ணம்.