நாற்பதுக்கு முப்பத்தொன்பது

திண்டுக்கல்
ஆகஸ்ட் 12

அன்பு மகள் அரசிக்கு,

நலம். கடிதம் என்றால் நலத்தில்தான் தொடங்க வேண்டும் என்று உன் அம்மா சொல்வாள், அதனால் தொடங்கிவிட்டேன். நீயும் மாப்பிள்ளை ஸ்டான்லியும் பேத்தியும் அங்கே டெக்ஸாசில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ சாப்டீங்களாப்பா என்கிறாய், சாப்டேன் என்கிறேன், வெயில் எப்புடி என்கிறாய், அடிக்குது என்கிறேன், பிறகு வைத்துவிடுகிறோம். நான் சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது. எழுதினால் நீ நடுவில் எதுவும் கேட்க முடியாது, எனக்கு அது வசதி. மிளகாய்ப்பொடியும் பேத்திக்குக் கவுனும் அனுப்புகிற பார்சலில் இதையும் வைக்கிறேன். பத்து நாளில் வந்து சேரும் என்று கூரியர்க்காரர் சொன்னார்.

வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. சோறு நானே வடித்துக்கொள்கிறேன், பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி வெஞ்சனம் கொடுத்தனுப்புகிறது, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கிண்ணத்த நாளைக்கு வந்து எடுத்துக்கிறேண்ணே என்று வைத்துவிட்டுப் போய்விட்டது. அம்மா கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை, மழைக்கு முன் வைத்துவிடலாம். முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழா போன வாரம் முடிந்தது. நீ பரீட்சையில் பாஸானால் கிடாய் கொடுப்பதாக உன் அம்மா நேர்ந்திருந்தாள் அல்லவா, நான் அய்யலூர்ச் சந்தைக்குப் போய் ஒரு கருப்புக் கிடாய் பிடித்து வந்து கொடுத்துவிட்டேன். நீ இன்னும் பாஸாகவில்லை, முன்கூட்டிக் கொடுத்தது செல்லுமா செல்லாதா என்று சாமியாரிடம் கேட்கவில்லை. அன்னதானத்தில் நானும் பந்தியில் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை, குறை சொல்லவில்லை, எனக்குத்தான் தெரியவில்லை. உன் அம்மா போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. அழுகையும் வரவில்லை. அழவில்லையே என்ற கவலையும் வரவில்லை. ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன், வாசல் பெருக்குகிறேன், பேப்பர் பார்க்கிறேன், பொழுது போய்விடுகிறது.

போன ஞாயிறு நீ செப்டம்பர் ஆறாம் தேதிப் பரீட்சையை ரத்து செய்யப்போவதாகச் சொன்னாய். ரெண்டு தடவ எழுதியாச்சுப்பா, எனக்கு அது வராது என்றாய். நான் ம் என்று மட்டும் சொன்னேன். இந்த ஆசிரியர் சான்றிதழ்ப் பரீட்சை முடிக்காவிட்டால் இப்போது தற்காலிகமாக வைத்திருக்கும் பள்ளிக்கூடம் டிசம்பருக்கு மேல் உன்னை வைத்துக்கொள்ளாது என்று ஜனவரியில் நீயேதான் சொன்னாய். எம்.எஸ்சி. கணக்கு முடித்து, கல்யாணமாகி அங்கே போய் ஏழு வருடம் சமையலறையில் இருந்துவிட்டு, இப்போதுதான் ஒரு வகுப்பில் சாக்பீஸ் பிடித்திருக்கிறாய். அதை விட்டுவிடுவேன் என்று உன் வாயால் வந்ததைக் கேட்டுவிட்டு ம் என்று சொன்னவன் நான். அதனால் எழுதுகிறேன்.

உனக்குக் கணக்கு வராமலா போயிற்று. ஜனவரியில் முதல் தடவை தவறியபோது நீ அம்மாவிடம் சொன்னதை நானும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கிராஃப் போடும் கால்குலேட்டரைக் கம்ப்யூட்டர் திரையிலேயே கொடுத்திருக்கிறார்கள், நீ அதைத் தொடவில்லை, அழித்து எழுதும் பலகையில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு வரைந்து, வலது பக்க மூலையில் அளவுத்திட்டம் எழுதி, புள்ளி வைத்து, கோடு சேர்த்து, விடை கண்டுபிடித்து, அதன் பிறகு கிளிக் செய்திருக்கிறாய். இருபத்தாறு கேள்வி தொடாமலே நேரம் முடிந்துவிட்டது. பலகையை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள். படிக்குப் படி மார்க் போடுவது நம் ஊர் வழக்கம், பத்தாம் வகுப்பில் அளவுத்திட்டம் எழுதாவிட்டால் ஒரு மார்க் வெட்டுவார்கள், அங்கே விடை ஒன்றுதான். இது உனக்கும் தெரியும். தெரிந்தும் கை போகாது, ஏனென்றால் உன் அம்மாவின் டியூஷனில் கால்குலேட்டர் வைத்திருந்த பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், பெற்ற பிள்ளைக்கும் அதே சட்டம். நீ எட்டாவது படிக்கும்போது நான் ஆசையாக வாங்கி வந்த கால்குலேட்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டினாளே, மெஷினு சொன்னதுக்கு யாருடி சாட்சி என்று கேட்டாளே, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றித் தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறாள், உள்ளே இருந்தால் ஒழுகிக் கெட்டுப்போகும் என்று.

உன் பரீட்சைத் திரையில் வருகிற அதே கிராஃப் கால்குலேட்டர் என் போனிலும் இருக்கிறது. அம்மாவிடம் படித்த ஆனந்த்ராஜ், பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறானே, அவன் போட்டுக் கொடுத்தது. மே மாதத்திலிருந்து தினமும் அம்மாவின் டியூஷன் நோட்டிலிருந்து பத்துக் கணக்கு எடுத்து அதில் போட்டுப் பார்க்கிறேன். வேறு வேலையும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கணக்குப் படித்தவளுக்கு மீட்டர் ரீடிங் எடுத்தவன் சொல்வதா என்று சிரிக்காதே, சிரித்தாலும் சரி. ஒரு நாள் 2x² – 80x + 900 என்று அடித்தேன், திரையில் கட்டங்கள் மட்டும் இருந்தன, கோடே இல்லை. போன் கெட்டுவிட்டது என்று ஆனந்த்ராஜிடம் கொண்டு போனேன். அவன் இரண்டு விரலால் திரையைச் சுருக்கினான், மேலே தூரத்தில் கோடு வளைந்து நிற்கிறது. திரை முதலில் பத்துக்குப் பத்துதான் காட்டும், கோடு இருபதுக்குப் பக்கத்தில் நூறுக்கு மேலே இருந்தால் தெரியாது. வெள்ளைத் திரையைப் பார்த்து விடை இல்லை என்று முடிவு கட்டாதே, அச்சின் எல்லையை மாற்றிப் பார். அடைப்புக்குறி விஷயத்தில் மெஷினுக்கு இரக்கமே கிடையாது. பன்னிரண்டை வகுத்தல் இரண்டு கூட்டல் நான்கு என்று அப்படியே அடித்தால் பத்து என்கும், கீழே உள்ளதை அடைப்புக்குள் போட்டால்தான் இரண்டு என்கும், கேள்வி தயாரித்தவன் பத்தையும் இரண்டையும் விடைகளில் வைத்திருப்பான். சமன்பாட்டைத் தீர்க்க வரி வரியாக இறங்காதே, இடது பக்கத்தை ஒரு கோடு, வலது பக்கத்தை ஒரு கோடு என்று போடு, இரண்டும் வெட்டுகிற இடத்தைத் தொட்டால் விடையைச் சொல்கிறது. விடைகள் நாலும் கொடுத்திருந்தால் மெஷினில் உள்ள அட்டவணையில் நாலையும் போட்டுப் பார்த்தாலும் போதும். நடுவில் தசமத்தை வெட்டாதே, கடைசியில்தான் வெட்ட வேண்டும். மனதிலேயே முடிகிற கணக்கை மட்டும் மெஷினிடம் கொண்டு போகாதே, அதற்கு அடிக்கிற நேரம் நஷ்டம். இன்னொன்று என் தொழிலில் கற்றது. அகரம் ஊரில் இரண்டு பல்பு எரிகிற வீட்டில் மீட்டர் இரண்டாயிரம் யூனிட் காட்டினால் நான் அப்படியே எழுத மாட்டேன், போன தடவை என்ன என்று பார்ப்பேன். நீயும் பொத்தானை அழுத்தும் முன் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மனதில் ஒன்று வைத்துக்கொள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல் வந்தால் எங்கோ தப்பாக அடித்திருக்கிறாய்.

இதெல்லாம் உனக்கு யூடியூபிலேயே கிடைக்கும் என்று தெரியும். இவ்வளவு நேரம் இதை எழுதியது மற்றதை எழுதத் தைரியம் வராததால்தான். ஏப்ரலில் நீ இரண்டாம் தடவை எழுதினாயே, அந்தச் செவ்வாய்க்கிழமை பற்றி. ஆஸ்பத்திரியில் இருப்பதைப் பரீட்சை முடியும்வரை அரசிக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாதான் சொன்னாள் என்று உன்னிடம் சொன்னேன். உறவுக்காரர்களிடமும் அப்படித்தான் சொன்னேன், எல்லோரும் என்ன மனசு என்று மெச்சினார்கள். அது பொய். அவள் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஞாயிறு நீ போன் செய்தபோது அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன், அதுவும் நான்தான். செவ்வாய் காலை பத்து மணிக்கு அவள் கண்ணைத் திறந்து, ஏங்க, அரசியக் கூப்பிடுங்க, ஒண்ணு சொல்லணும் என்றாள். அங்கே ராத்திரி பதினொன்றரை, பிள்ளை பரீட்சைக்குத் தூங்கட்டும் என்றேன். அப்ப விடிஞ்சதும் நீங்களே சொல்லிருங்க என்று சொல்லி, என்ன சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். சாயங்காலம் ஐந்தரைக்கு, உனக்குக் காலை ஏழு மணி, போனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போனேன். உன் பெயரைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், நீ பரீட்சையை விட்டுவிடுவாய் என்று பயந்தேன். திரும்பி உள்ளே வந்தேன். சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஏழே முக்காலுக்கு முடிந்துவிட்டது. நீ உள்ளே போய் ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும், பலகையில் அச்சு வரைந்துகொண்டிருந்திருப்பாய். விசாத் தாள்கள் ஆபீசில் மாட்டிக்கொண்டதால் அடக்கத்தையும் ஆனந்த்ராஜ் பிடித்த போனில்தான் பார்த்தாய். தாய் கூப்பிட்டும் உன்னைக் கூப்பிடாமல் விட்டவன் நான். இதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் சொல்லச் சொன்னது என்ன என்று எழுத வேண்டும். நீ முதல் தடவை தவறியதிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை, என் சட்டத்தாலதான் பிள்ளைக்குப் போச்சு என்று ஒரு நாள் சொன்னாள். தவக்காலத்தில் ஆனந்த்ராஜை வரவழைத்து என் போனில் அந்தக் கால்குலேட்டரைப் போடச் சொன்னாள். எனக்கா போட்டான் என்று நினைத்தாய், அவளுக்கு. நாலு சாயங்காலம் உட்கார்ந்து அதற்குப் பரீட்சை வைத்தாள். நாற்பது கணக்கு, முதலில் தான் கையால் போட்டு விடையை மறைத்து வைத்துக்கொண்டு, பிறகு மெஷினில் போட்டு அது சொன்னதை எழுதி, சிவப்புப் பேனாவால் திருத்தினாள். நாற்பதும் சரி. ஆனாலும் நாற்பதுக்கு முப்பத்தொன்பதுதான் போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு அளவுத்திட்டம் எழுதல என்றாள். அந்த ஞாயிறு போனில் அவளே உன்னிடம் சொல்வதாக இருந்தாள், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது இதுதான், ஒரு சொல் கூட்டவில்லை குறைக்கவில்லை. அந்த மெஷினத் தொடலாம்னு சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க, இல்லாட்டி அவ தொட மாட்டா.

ஜூனில் நீ இரண்டாவது தடவையும் தவறிய சேதி சொன்னபோது, அப்பவும் கையாலதான் போட்டேன்பா, அம்மா கத்துக்குடுத்த மாதிரி என்றாய். அதன் பிறகு எனக்கு இன்னும் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. உனக்கு வராமல் போகவில்லை தாயி, உனக்கு வர வேண்டிய சொல்லை நான் கையில் வைத்துக்கொண்டேன். பரீட்சையை ரத்து செய்யாதே. என் மேல் கோபமிருந்தால் ஆறாம் தேதிக்குப் பிறகு போன் செய்து திட்டு, அல்லது போனே செய்யாமல் இரு, ஆனால் அந்த இடத்தில் போய் உட்கார். அம்மா திருத்திய தாளைக் கவுனின் மடிப்புக்குள் வைத்திருக்கிறேன், கசங்காமல் எடு. மிளகாய்ப்பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வை. ஸ்டான்லியிடம் இரண்டு வாரம் சமையலைப் பார்த்துக்கொள்ளச் சொல், நான் சொன்னதாகச் சொல். திரையைத் திறந்ததும் சைன் முப்பது அடித்துப் பார், அரை என்று வந்தால் டிகிரியில் இருக்கிறது, மைனஸில் ஏதோ வந்தால் ரேடியனில் இருக்கிறது, கேள்விக்குத் தகுந்தபடி மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கு. மாதா உன் கூடவே உட்கார்ந்திருக்கட்டும், உன் கைக்கும் கண்ணுக்கும் பலம் கொடுக்கட்டும், பேத்திக்கு என் முத்தம்.

அம்மா தொடலாம் என்று சொன்னாள், அரசி. அவளிடம் சொல்லிட்டேன் என்றேன். இப்போதுதான் சொல்கிறேன்.

உன் அப்பா
ஜெரோம்