நாலாம் அலமாரியில் கிடந்த தடுப்பு

அன்புள்ள சின்னவளுக்கு, இங்கே எல்லோரும் உடம்புக்கு நலம், மனசுக்குத்தான் சொல்ல முடியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் 'டு தி பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்' என்பதை எப்போது எழுதலாம் என்று கேட்டேனே, எதற்கு என்றதும் சும்மா என்று மழுப்பினேன். சும்மா இல்லை. எங்கள் பட்டறையில் தகடு அழுத்தும் மெஷினில் மீசைக்காரருக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது, என்னிடம் கையுறை வாங்க வரும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பாரே, அவர்தான். கை உள்ளே போகாமல் முன்னால் மாட்டியிருக்கும் தடுப்பு வேலையை மெதுவாக்குகிறது என்று மேனேஜர் கழற்றச் சொன்னார், அது பதினோரு நாளாக என் ஸ்டோர் ரூமில் நாலாம் அலமாரியில் கிடந்தது. வாங்கிக்கொண்டு ரசீது போட்டவளே நான்தான். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன், இப்போது சோறு இறங்கவில்லை.

விசாரணைக்கு நான் ஒரு தாள் எழுதித் தர வேண்டுமாம். எனக்குத் தெரிந்தவரை தடுப்பு மெஷினில்தான் இருந்தது என்று இங்கிலீஷில் எழுதச் சொன்னார் மேனேஜர், முதலில் அந்த வார்த்தையைப் போட்டுட்டா உங்க தலைக்கு ஒண்ணும் வராதும்மா என்றார். நீயோ, நமக்கு நிஜமாவே தெரிஞ்சது இவ்வளவுதான்னு சொல்றதுக்குத்தாம்மா அது, தெரிஞ்சதை மறைக்கிறதுக்கு இல்ல என்றாய். அதனால் அதையே முதலில் போட்டு, பதினோரு நாளையும் நாலாம் அலமாரியையும் எழுதி, ரசீது நகலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். படித்ததும் அவர் முகம் செத்துவிட்டது. உங்களுக்கு இங்கிலீஷ் புரியல, மாத்தி எழுதிக் கொடுங்க என்கிறார். நாளை பத்து மணிக்கு தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார், அவரிடம் கொடுக்க இன்னொரு பிரதி என் கைப்பையில் இருக்கிறது. இந்த வயசுல வேற யார் உனக்கு வேலை தருவாங்க என்று கேட்ட உன் அப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. எனக்கும் பயம்தான், எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, என் கண்ணே. ஒன்றே ஒன்று. என் இங்கிலீஷைத் திருத்துவது என் மகள்தான் என்று பட்டறை முழுக்கப் பீற்றி வைத்திருக்கிறேன், மேனேஜர் உன் நம்பரையும் வாங்கியிருக்கிறார். கூப்பிட்டால் சண்டை போடாதே. அம்மா அதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா