உங்கள் நீலச் சட்டையின் வாசம்

சூளை வெயிலுக்குத் தப்பி எங்கோ நிழலில் இருக்கும் என் அப்பாவுக்கு,

உங்கள் நீலச் சட்டையை அம்மா இன்னும் துவைக்கவில்லை. பையில் கட்டி பீரோவில் வைத்திருந்தாள்.

நான் பட்டம் வாங்கிய அன்று, இனிக் குடிக்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். அடுத்த சித்திரையில் சேரன்மகாதேவிச் செங்கல் சூளையில், வேலைக்கு நடுவே வெயிலில் சுருண்டு விழுந்தீர்கள்; எழவே இல்லை. சட்டையெல்லாம் பிராந்தி வாசம். "குடிச்சிட்டு வெயில்ல நின்னா வேற என்ன ஆவும்?" என்றார் மேஸ்திரி. பிரேதப் பரிசோதனை என்று அறுக்க வேண்டாம் என உங்களை அப்படியே எடுத்து வந்தோம். அம்மா அழுதாள். நான் உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். ஈஸ்ட் செல்களில் ஒரு மருந்தைக் கலந்து சூடு காட்டுவதுதான் வேலை. சூடு ஏறினால் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு முதலில் தளரும், உறைந்த தேங்காயெண்ணெய் இளகுவதுபோல. அந்தச் சேதி உள்ளே போகும். செல்லைக் காக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்.

போன மாதம், சூடே காட்டாத குழாயிலும் அவை விழித்திருந்தன. பக்கத்து மேசை மெர்சி அக்கா குழாயை மாற்றிவிட்டாளோ? கேட்க வாய் வரவில்லை. மாற்றினால் தெரியட்டும் என்று மூடிகளின் அடியில் ரகசியமாகப் புள்ளி வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, கேக்கணும்னா வாயத் தொறந்து கேளு. திருடியப் பாக்க மாதிரி பாக்க?"

பிறகு என் நோட்டைப் புரட்டினாள். "மருந்தக் கரைக்க எத்தனால் எவ்வளவு ஊத்தியிருக்க, நீயே பாரு."

அளவு பத்து மடங்கு கூடியிருந்தது. எத்தனால் என்பது பிராந்தியில் இருக்கும் அதே ஆல்கஹால்தான்; அதுவும் சவ்வைத் தளர்த்தும். செல் அதையும் வெயில் என்றே நினைத்துக்கொள்ளும். யாரும் எதையும் மாற்றவில்லை. ஊற்றியது நான்.

அப்போதுதான் உங்கள் சட்டை நினைவுக்கு வந்தது. வாசம் சட்டையில் அடித்தது. வாயில் அடித்ததா? யார் பார்த்தார்கள்?

உங்களோடு கல் சுமந்த சுடலை மாமா இப்போது வண்ணார்பேட்டையில் மூட்டை இறக்குகிறார். போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாந்தான் ஊத்துனேன் தாயி. மேலெல்லாம் கொதிச்சுது. நெஞ்சு குளிரட்டும்னு என் பிராந்திப் பாட்டில அப்படியே கவுத்தேன்."

"தண்ணி ஊத்தியிருக்கலாமே, மாமா?"

"அங்கன ஏது தண்ணி? டிரம்மு காலைலயே காலி. லாரி வருது, வருதுன்னாரு மேஸ்திரி."

"இத அன்னைக்கே சொல்லலையே?"

"என் பாட்டில்னு தெரிஞ்சா என்னைய வேலைய விட்டு வெரட்டிருவாவளே."

கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி ஓடுகிறது, அப்பா. டிரம்மில் தண்ணீர் இல்லை.

இவரை மட்டும் எப்படி நம்புவது? வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். வாசம் போய்விட்டிருந்தது. கறை மட்டும் கழுத்திலிருந்து இடுப்புவரை அகலமாக இறங்கியிருந்தது. குடிக்கும்போது சிந்தினால் கறை அப்படியா இருக்கும்?

அம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டையைத் துவைக்க எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். சாட்சிக்கு அது வேண்டும்.

திங்கட்கிழமை சூளைக்குப் போகிறேன். டிரம் எப்போது காலியானது, லாரி ஏன் வரவில்லை என்று மேஸ்திரியிடம் கேட்பேன். வாயைத் திறந்தே கேட்பேன், அப்பா.

உங்கள் சத்தியத்தைச் சந்தேகப்பட்ட,
உங்கள் மகள்